பசி யாருடைய குற்றம்?

அளவறிந்து உண்பவனை நல்லவனென்றும், அளவு மீறி உண்பவனை வாயைக் கட்டத் தெரியாதவனென்றும் கூறுவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். பசியை அடக்குதல் ஒரு நற்குணம் என்றும், அஃதில்லாமை ஒழுக்கக் குறைவு என்றும் நாம் எண்ணி வந்திருக்கிறோம். ஆனால், ஒருவனுக்கு நாமே ஒரு மருந்தைக் கொடுத்து, அம்மருந்தினாலேயே அவனுடைய பசி மூண்டெழுமானால், அப்பசி யாருடைய குற்றம்?

இது பொழுதுபோக்குக்காக எழுப்பும் வீண் தர்க்கமன்று. மனச்சிதைவு முதலிய கொடிய நோய்களுக்கு மருந்து உண்போர் உள்ள வீடுகளில், சோற்றுப் பானையின் அருகே நாள்தோறும் நடைபெறும் வழக்கு இது.

பாரிஸ் நகரத்துச் செயின்ட் ஆன் மருத்துவமனையில் 1952இல் டிலே, டெனிக்கர் என்னும் இரு மருத்துவர்கள் குளோர்ப்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்து மனநோயாளரின் கலக்கத்தைத் தணித்தனர். அதற்குமுன் சங்கிலியும் பூட்டிய அறையுமே பலருக்குக் கிடைத்த வைத்தியமாக இருந்தன. ஆகவே அம்மருந்தை உலகம் வரவேற்றதில் வியப்பில்லை. உண்போரின் உடல் பெருப்பதும் அந்தப் பத்தாண்டிலேயே கவனிக்கப்பட்டது. பின்னர்த் தோன்றிய குளோசபின், ஒலான்சபின் என்பவற்றில் இவ்விளைவு இன்னும் மிகுதி. பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 1999இல் வெளியிடப்பட்ட ஒரு கணக்கின்படி, இவ்விரண்டில் ஒன்றைப் பத்து வாரம் உண்டவரின் எடை சராசரியாக 4 கிலோவுக்கு மேல் ஏறியது. பத்து வாரம் என்பது இரண்டரை மாதமே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

காரணம் யாது? இம்மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரோட்டனின் ஆகிய பொருள்களை ஏற்கும் சில வாயில்களை அடைத்துவிடுகின்றன. ‘போதும்’ என்ற செய்தியை நமக்கு உணர்த்துவதில் அவ்வாயில்களுக்குப் பெரும் பங்குண்டு. அவை அடைபட்டால் வயிறு நிறைந்தும் மனம் நிறைவதில்லை. மலாயாத் தமிழராகிய நாம் ஒருவரையொருவர் கண்டதும் “பசியாறினீர்களா?” என்று கேட்கிறோம். உண்டால் பசி ஆறும் என்பது அக்கேள்வியின் நம்பிக்கை. உண்டும் ஆறாத பசியோடிருப்பவன் அதற்கு என்ன விடை கூறுவான்?

அவனைப் பார்த்து, “உனக்கு மனவுறுதி இல்லை” என்கிறோம். வயிறார உண்டவன் பட்டினி கிடப்பவனுக்கு நோன்பின் மேன்மையை உபதேசிப்பது போன்றதே இது. நம்முடைய மெலிந்த உடலை நம் ஒழுக்கத்தின் பரிசாகக் கருதிப் பெருமை கொள்கிறோமே, அதில் எவ்வளவு நம் முயற்சி, எவ்வளவு அடைபடாத அந்த வாயில்களின் உபகாரம் என்று ஒருநாளாவது எண்ணிப் பார்த்தோமா?

அப்படியாயின் அவனுக்கு எப்பொறுப்புமே இல்லையா என்று சிலர் கேட்பர். இல்லை என்று நாம் சொல்லவில்லை. உணவில் கவனம் வைத்தும் நாள்தோறும் நடந்தும் எடையை ஓரளவு காத்துக்கொண்டவர் உண்டு. மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மருந்து சிலருக்கு உதவுகிறது. “அவனால் ஒன்றுமே ஆகாது” என்று கைவிடுவது, அவனைப் பழிப்பதைக் காட்டிலும் கொடிய அவமதிப்பு. அவனால் இயன்றதை அவன் செய்யட்டும். ஆனால் அவனிடம் நாம் கேட்கும் முயற்சி, நம்மிடம் எவரும் கேட்டிராத முயற்சி என்பதை அறிந்து கேட்போமாக.

நிற்க. இதனினும் கடுமையான குற்றம் ஒன்றுண்டு. உண்மையைச் சொன்னால் மருந்தை மறுத்துவிடுவான் என்று அஞ்சி, உடல் பெருக்கும் செய்தியை மறைத்து விடுகிறார்கள். நல்லெண்ணத்தால் செய்வதே, எனினும் மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. சில திங்கள் கழித்துச் சட்டைப் பொத்தான் அவனுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது. அதன்பின் அவன் மாத்திரையை நாவின் கீழ் ஒளிக்கத் தொடங்கினால் வியப்பென்ன? யார் முதலில் ஒளித்தது?

மறுபுறத்தில், “இந்த மருந்தே நஞ்சு, தூக்கி எறி” என்று அறிவுரை கூறும் அன்பர்களும் இருக்கிறார்கள். மருந்தைத் திடீரென நிறுத்தியவருக்கு நோய் மீண்டும் பாயக்கூடும். ஃபின்லாந்து நாட்டில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், எடையை மிகக் கூட்டும் குளோசபினை உண்டவரிடையே சாவு குறைவாகவும், எம்மருந்தும் உண்ணாதவரிடையே மிகுதியாகவும் காணப்பட்டது. அதன் முறையைக் குறை கூறிய அறிஞரும் உண்டு. எனினும் இவ்வன்பர்களின் வாயை அடைக்க அது போதும். அமெரிக்காவில் 2005இல் வெளிவந்த பெரும் சோதனையும் இத்தகையதே. அதில் நோயாளர் மிக நீண்ட காலம் விடாமல் உண்ட மருந்து ஒலான்சபின். எடை முதலிய உடற்கேடுகளுக்காக மிகுதியானோர் கைவிட்ட மருந்தும் அதுவே, நூற்றுக்கு 9 பேர்! மனத்தைக் காப்பதும் உடலைக் கெடுப்பதும் ஒரே மாத்திரையாக இருக்கும்போது எளிய தீர்ப்பு எங்கிருந்து வரும்?

இம்மாத்திரையால் விளையும் நன்மையில் பங்கு பெறுவோர் பலர். வீட்டில் கூச்சல் அடங்குகிறது, தாய் உறங்குகிறாள், அண்டை வீட்டார் நிம்மதி அடைகின்றனர். விலையை மட்டும் ஒருவன் தன் உடலால் செலுத்துகிறான். இதுவே நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. அவன் தட்டிலிருந்து சோற்றைப் பறித்துவிட்டு, அவன் கண்ணெதிரே வீட்டார் அனைவரும் நாசி லெமாவும் சீனி கொட்டிய தேநீருமாக உட்காருவது எந்த நீதி? அவனுக்கு ஆகாத உணவு அவ்வீட்டுக்கே வேண்டாம் என்று ஒதுக்குவது அப்படி என்ன பெரிய தியாகம்? மருந்து தொடங்குமுன் எடையும் சர்க்கரையும் பார்த்து, எடையை 4, 8, 12ஆம் வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டுமென்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் 2004இலேயே கூறிவிட்டன. நிறுவைக் கருவிக்கு அதிகப் பணமும் ஆகாது.

எஞ்சி நிற்பது ஒரு கேள்வி. மருந்தை மாற்றினால் அடங்கிய குரல்கள் மீளலாம். மாற்றாவிட்டால் நீரிழிவு வரலாம். இவ்விரண்டில் எதை ஏற்பது என்பதை வைத்தியர் மட்டுமோ தாய் மட்டுமோ முடிவு செய்தல் தகாது. மனம் தெளிந்திருக்கும் நாளில் அவனையே கேட்க வேண்டும். தனக்கு எத்தகைய வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இடமளித்திருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் ஒரு தாளும் எழுதுகோலும் கிடைக்கும். அத்தாளில் பசியைப் பற்றியும் அவன் ஒரு வரி எழுதட்டும்.