முதலாளியின் முகமலர்ச்சி



நம்மூர் இளைஞர் ஒருவர் சென்னையில், 'ஸ்டார்ட்அப்' என்று சொல்லப்படும் புதிய கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். மொத்தம் பத்துப் பேர். வாடிக்கையாளர்களிடம் கணக்குப் பிழையால் கூடுதலாகப் பணம் பிடிக்கப்படுவதை அவர் கண்டுவிட்டார். ஆனால் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டோம். "ஹழ்ரத்! போன மாதம் ஒரு யோசனை சொன்னேன். 'உன் வேலையை மட்டும் பார்' என்று எல்லோர் முன்னிலையிலும் முதலாளி சொல்லிவிட்டார்" என்றார்.

பெரிய கம்பெனியில் ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் கவனிப்பார். பத்துப் பேர் உள்ள இடத்தில் கண்டவரே மௌனமானால் யார் சொல்வது? பிறர் பணமல்லவா உள்ளே வந்து சேர்கிறது!

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு, கி.பி. 627. மதீனாவில் நம் சமுதாயம் வேரூன்றி ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. எதிரிகள் பெரும்படையுடன் திரண்டு வந்தார்கள். அகழ் தோண்டலாம் என்று யோசனை சொன்னவர், அடிமைத்தளை நீங்கிய பாரசீகர் ஹழ்ரத் ஸல்மான் (ரலி) அவர்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அரபிகளுக்குப் பழக்கமில்லாத முறை அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்றதோடு நில்லாமல், தாமும் மண் சுமந்தார்கள். அன்னாரின் திருவயிற்றைப் புழுதி மூடியிருந்ததாக புகாரி ஷரீபில் வருகிறது.

பத்தாண்டுகள் பணிவிடை செய்த ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை. 'ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை' என்று கடிந்ததில்லை. பணியாளருக்குச் சக்திக்கு மீறிய வேலை கொடுத்தால் நீங்களும் கை கொடுங்கள் என்பதும் அன்னாரின் போதனையே.

முதலாளிமார்களே! தவறைத் திருத்த வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தனியே அழைத்துத் திருத்துங்கள். நல்ல யோசனையை, சொன்னவர் பெயராலேயே நிறைவேற்றுங்கள். கூலியைத் தாமதிக்காதீர்கள். அப்போது, சொல்லாத வேலையையும் தம் வீட்டு வேலைபோல் இழுத்துப் போட்டுச் செய்வார்கள்.

பணியாளர்களே! மனம் நொந்தாலும் அமானிதம் அமானிதமே.

அந்த இளைஞரிடமும் இதையே சொன்னோம். மறுநாள் அவர் முதலாளியிடம் தனியே சென்று சொல்லியிருக்கிறார். "முன்பே சொல்லக் கூடாதா?" என்றாராம் முதலாளி. சொல்ல விட்டிருந்தால் அல்லவா சொல்லியிருப்பார்!

வல்ல அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத்தையும், நம் நாவுகளில் மென்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.