சாந்த சொரூபி

தெரு முழுக்க ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் என் பாட்டியை 'சாந்தமே உருவானவர்' என்று போட்டிருந்தோம். வாசகம் உபயம்: சாட்சாத் அடியேன்!

பாட்டியாவது, சாந்தமாவது! நாலணா பாக்கி தராத கண்டக்டரை டிப்போ வரை போய் மடக்கியவள். 1957-ல் நயா பைசா வந்த பிறகும் ரூபாய்க்குப் பதினாறு அணா என்றே கணக்குப் போட்டவள். 2011-ல் நாலணா செல்லாமல் போனபோது அவள் இல்லை. இருந்திருந்தால் ரிசர்வ் பாங்க் பாடு திண்டாட்டம்தான்!

தாத்தாவின் சட்டைப் பையிலிருந்து சுட்டு, அரிசிப் பானைக்குள் அவள் பதுக்கிய பணத்தில்தான் நான் பி.காம். படித்தேன். அந்தத் திருட்டை வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா? இன்னமும் தெரியவில்லை. தெரியாததால் மறைத்துவிட்டேன். அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்தேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள், சொல்லுங்கள்?

போஸ்டரைப் படித்துக் காட்டச் சொன்ன பூக்காரம்மா, முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏந்தம்பி, போட்டோவை மாத்திப் போட்டுட்டாங்களா?"