கழுகாய்ப் பிறக்க ஓர் உடல்

கழுகாகப் பிறக்க வேண்டிய வினையோடு ஓர் உயிர் காத்திருக்கிறது. பூமியில் கழுகே இல்லை. அந்த உயிர் எங்கே போகும்?

வில்லியனூரில் ஞாயிறுதோறும் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் இதைக் கேட்டேன். பாடம் நடத்துகிற ஐயா சற்று யோசித்துவிட்டு, "தனு, கரணம், புவனம், போகம் என்று உடல், கருவி, உலகம், நுகர்ச்சி நான்கையும் தருகிறவன் இறைவன். அந்த உடல் இல்லையென்றால் வேறு உடல் தருவான், அம்மா" என்றார். கூட இருந்தவர்களுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. அரியூருக்குப் பேருந்தில் திரும்பும்போதும் எனக்கு மனம் அடங்கவில்லை.

ஓர் உடலுக்கு இன்னோர் உடல் ஈடாகுமென்றால் எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதம் எதற்கு? நம் முன்னோர் அதை வகை பிரித்தே எண்ணி வைத்திருக்கிறார்கள். தாவரம் 20 லட்சம், தேவர் 14, ஊர்வன 11, நீர்வாழ்வன 10, பறவை 10, நாற்கால் விலங்கு 10. மனிதர் 9 லட்சம்தான்; எல்லாவற்றிலும் குறைவு. இந்த எண்கள் உயிரியல் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வோர் உடலுக்கும் அதற்கே உரிய நுகர்ச்சி உண்டு, குறிப்பிட்ட வினை குறிப்பிட்ட உடலில்தான் கழியும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. முப்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். சிவபுராணத்தில் புல் முதல் தேவர் வரை வரிசையாக வரும் பிறவிகளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். உயிர் ஏறிவருகிற படிகள் அவை.

கழுகு என்று நான் சொல்வது சும்மா ஓர் உதாரணத்துக்காக இல்லை. திருக்கழுக்குன்றத்தில் வேதகிரி மலைமேல் முன்பெல்லாம் நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் அமுது உண்டு போகும். காசியில் நீராடிவிட்டு வரும் முனிவர்கள் என்பார்கள். பறவை அறிந்தவர்கள் அவற்றைப் பிணந்தின்னிக் கழுகு வகையான மஞ்சள்முகப் பாறு என்பார்கள். சிறுமியாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். 1998-க்குப் பிறகு அவை வரவில்லை. கலி முற்றிவிட்டது என்றார்கள்.

அதே ஆண்டுகளில்தான் இந்தியா முழுவதும் பாறுகள் செத்து விழுந்தன. 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோனது. காரணம் 2004-இல் வெளிவந்தது. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் இறந்த பாறுகளின் உடலை அறுத்துப் பார்த்து, மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் ஊசியே விஷமாகியிருக்கிறது என்று கண்டார்கள். ஊசி போட்ட மாடு சில நாளில் இறந்தால் அந்த இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்பெல்லாம் வெள்ளையாய் உப்புப் படிந்துவிடும்.

ஐயாவின் பதிலுக்கு இங்கேதான் மறுப்பு கிடைத்தது. பாறு போனபின் அதன் வேலையை வேறு எந்த உடலும் செய்யவில்லை. ஒரு கூட்டம் பாறு செத்த மாட்டை ஒரு மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும்; அடைப்பான் கிருமியைக்கூட அதன் வயிற்று அமிலம் கொன்றுவிடும். அந்த இடத்துக்கு வந்த தெருநாய் பெருகியது. கூடவே வெறிநாய்க்கடி பற்றிய அச்சமும் பெருகியது. உலகத்தின் ஒழுங்கிலேயே ஓர் உடலுக்கு மாற்று இல்லை என்றால், வினையின் ஒழுங்கில் மட்டும் மாற்று எளிதாகக் கிடைத்துவிடுமா?

இதில் என்னை அதிகம் வாட்டுவது வேறொன்று. அந்த ஊசி இரக்கத்தால் போடப்பட்டது. மடி வீங்கிப் படுத்துக்கிடக்கும் பசுவைப் பார்த்துச் சும்மா இருக்க எந்த வீட்டாராலும் முடியாது. ஓர் உயிருக்குக் காட்டிய கருணை இன்னோர் இனத்தின் பிறப்பு வாசலை அடைத்தது. 2004 வரை அது அறியாமல் செய்தது. அறிவை மறைக்கும் ஆணவ மலத்தின் இருளில் நடந்தது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் இருக்கிறது. 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை வந்தது. அதன் பிறகும் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் அந்தக் குப்பிகளையும் தடுக்க வேண்டியிருந்தது. தெரிந்து செய்தது, இப்பிறவியில் நாமே புதிதாகச் சேர்த்துக்கொண்ட ஆகாமிய வினை. அது நம்முடையதுதான்.

என் அண்ணன் பௌர்ணமிதோறும் திருவக்கரை வக்கரகாளியம்மனைக் கும்பிடப் போவார். "அங்கே ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தின காடே கல்லாக் கெடக்கு. எல்லாம் அழியறதுதானே, நீ ஏன் இதுக்கு அழறே?" என்பார். அண்ணனை மதிக்கிறேன், ஆனால் கல்மரங்கள் அவர் சொல்வதற்குச் சாட்சி இல்லை. வேரும் கிளையும் இழந்து வெள்ளத்தில் உருண்டுவந்து மண்ணுள் புதைந்த அந்த மரங்களில் மாமரக் குடும்பத்தவையும் புளி சேர்ந்த குடும்பத்தவையும் உண்டு. அந்தக் குடும்பத்து மா இன்றும் எங்கள் கொல்லையில் காய்க்கிறது. அங்கே செத்தது மரம். வம்சம் சாகவில்லை.

அழித்தல் இறைவனின் ஐந்தொழிலில் ஒன்று என்பதையும் அண்ணன் நினைவூட்டுவார். ஆம். பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இளைப்பாறுதல் தரவே அவன் ஒடுக்குகிறான், பிறகு மீண்டும் உடல் தந்து எழுப்புகிறான் என்று சித்தாந்தம் சொல்கிறது. நாம் செய்வதில் அந்த இளைப்பாறுதல் எங்கே? ஒடுக்குகிறோம், எழுப்பத் தெரியாது.

இதை நான் வேகமாகப் பேசக் காரணம் பக்கத்து ஊர் அய்யனார் கோயில். இந்தக் கரையோரச் சமவெளியின் பழைய காடு, கோடையிலும் இலை உதிர்க்காத அந்தக் காடு, இப்போது பெரும்பாலும் அய்யனார் எல்லைகளில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் காடு அதில் பேர்பெற்றது. வீரை, காசா, பாலை, இலுப்பை என்று நிற்கும். பழந்தின்னி வௌவாலும் கொண்டைக்குருவியும் தின்று போடும் விதையிலிருந்துதான் அடுத்த கன்று வரும். ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது என்ற பயம்தான் அவ்வளவு காலம் வேலியாக இருந்தது. இப்போது பயம் போய்ப் பக்தி வந்திருக்கிறது. பக்தி டைல்ஸ் போடுகிறது, தகரக் கொட்டகை போடுகிறது, வௌவால் எச்சம் படுகிறது என்று கிளையைக் கழிக்கிறது. அய்யனாருக்கு வில்லியனூர் மண்ணில் குதிரை செய்து நிறுத்துகிறோம். அவர் குதிரையேறிக் காவல் சுற்றிய காட்டை எடுத்துவிடுகிறோம். அப்படியானால் அவர் எதைக் காப்பார்?

பக்கத்து ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி நடக்கிறது. வரைபடத்தில் இலுப்பை மரத்தின் அடிவரைக்கும் சிமெண்ட் தரை. மரத்தைச் சுற்றிப் பத்தடி மண்ணாகவே விடுங்கள், கீழே முளைத்திருக்கும் வீரைக் கன்றுகளைப் பிடுங்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழு வரும் அமாவாசைக்கு மறுநாள் கூடுகிறது. ஐயாவையும் கூட வரும்படி கேட்டேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.