அடைக்கப்படும் தமனி

மரக்காணத்து உப்பளக் கரையில் உள்ள எக்கியார்குப்பம் 2023 மே மாதத்தில் நாடறிந்த ஊராயிற்று. மெத்தனால் கலந்த சாராயத்தால் அங்கும் செங்கற்பட்டு மாவட்டத்திலுமாக 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் குடும்பத்துக்கு அரசு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்ற கேள்வி எழுந்தது. நம் ஆலய வாசல்களிலும் அது கேட்கப்படாமல் இல்லை. முழு உடல் வாழ, கெட்ட உறுப்பைக் கைவிடத்தான் வேண்டும் என்னும் எண்ணம் அக்கேள்வியினுள் பதுங்கியிருக்கிறது.

உடலைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் மெய்யே. மெத்தனால் ஓரிரு நாளில் கொல்லும். தப்பினாலும் கண்ணைப் பறிக்கும். வழக்கமான மதுவோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். கணையம் மீண்டும் மீண்டும் அழற்சியுற, அதிலிருந்து கசியும் செரிமான நீர் அருகிலுள்ள தமனியின் சுவரை அரிக்கிறது. அரிபட்ட இடம் குமிழாகப் புடைத்து ஒருநாள் வெடிக்கிறது. வெளியே காயமில்லை, உள்ளே குருதி பெருகுகிறது. அழன்று குழைந்த திசுக்களிடையே கத்தியுடன் அந்த ஊற்றைத் தேடுவது அறுவை மருத்துவர்க்கும் அச்சந்தருவதே.

1972இல் அமெரிக்காவில் ரோஷ், டாட்டர், பிரவுன் என்னும் மருத்துவர் மூவர், குடற்பாதைக் குருதிப்போக்குக்கு வேறொரு வழியை வெளியிட்டனர். தொடைத் தமனியில் சிறு துளையிட்டு, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை ஊடுகதிர்த் திரையில் பார்த்தவாறே கசியும் கிளைவரை செலுத்தி, அக்கிளையை உள்ளிருந்தே அடைத்துவிடுவது. அன்று நோயாளியின் உறைந்த குருதியையே அடைப்பாக்கினர். இன்று பிளாட்டினச் சுருள், ஜெலட்டின் பஞ்சு, பசை எனப் பல உண்டு. இதிலும் எச்சரிக்கை வேண்டும். இரைப்பையை ஒட்டிய தமனிகள் ஒன்றோடொன்று பின்னியவை. கசிவுக்கு முன்புறம் மட்டும் அடைத்தால் பின்புறத்திலிருந்து குருதி திரும்பி வரும். ஆகவே இருபுறமும் அடைக்கிறார்கள். குடலிலோ மாற்றுவழி குறைவு. சற்று மிகுதியாக அடைத்தாலும் குடற்பகுதி அழுகக்கூடும். மண்ணீரல் தமனியை அடைக்கும்போது மண்ணீரலின் ஒரு பகுதி மடிவதும் உண்டு.

முழுமைக்காகப் பகுதியை இழக்கலாம் என்பது அக்குவினா தோமையார் காலந்தொட்டு நம் ஒழுக்க இயல் ஏற்றுக்கொண்டதே. ஆனால் 1952 செப்டம்பரில் மருத்துவ அறிஞர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இக்கோட்பாட்டுக்கு ஓர் எல்லை வகுத்தார். கை உடலுக்காகவே இருக்கிறது. உடலைவிட்டு அதற்குத் தனி வாழ்வில்லை. மனிதனோ சமூகத்தின் உறுப்பாகத் தோன்றினும், சமூகத்துக்காக மட்டும் படைக்கப்பட்டவன் அல்லன். எனவே தமனிக்குச் செய்வதைக் குடிகாரனுக்குச் செய்ய எவருக்கும் உரிமையில்லை. கொடுங்கோலாட்சிகளின் நினைவு ஆறாத காலத்தில் பேசப்பட்டது இது.

மக்களுக்காக ஒருவன் சாவது நன்று எனக் கணக்குப் போட்டவர் கயபா. அவர் கணக்கு இன்றும் நம்மிடையே செலாவணியில் உள்ளது. 10 இலட்சம் மிகுதியா, குறைவா என வாதிடலாம்; சாராயச் சாவுக்கு இழப்பீடு தருவது தவறான முன்மாதிரி என்றுகூடச் சொல்லலாம். "செத்தால் சாகட்டும்" என்பது அவ்வாதத்தைச் சேர்ந்ததன்று.

கதீட்டர் செலுத்துபவர், கணையம் எதனால் அழன்றது என்பதையும் கேட்டறிகிறார். மீண்டும் வராமல் காக்கவே கேட்கிறார். பின்னர் நோயாளி கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வீடு திரும்புகிறான். அவன் வயிற்றில் வைத்த சுருள் சாகும்வரை அங்கேயே இருக்கும். மதுக்கடையும் வழியிலேயே இருக்கிறது. அதைக் கடந்து அவன் நம் கோயிலுக்கு வந்தால், எந்த வரிசையில் அவனுக்கு இடம்விடுவோம்?