ஒரு ஸாஉ என்பது எத்தனை கிலோ?

ரமளான் பிறை இருபதைத் தாண்டியதும் பள்ளிவாசல்களில் ஃபித்ராவின் அளவு அறிவிக்கப்படுகிறது. ஓர் ஊரில் தலைக்கு 2 கிலோ 400 கிராம் அரிசி. பக்கத்து ஊரில் இரண்டரைக் கிலோ. விடுமுறையில் வந்திருக்கும் சவூதிச் சபுராளியோ, "அங்கே மூன்று கிலோ என்றல்லவா சொன்னார்கள்!" என்கிறார். மார்க்கம் ஒன்றாயிருக்க அளவு மட்டும் ஊருக்கு ஊர் மாறுவானேன் என்று கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், கேள்வியே சற்றுத் தவறான இடத்தில் தொடங்குகிறது.

நபி (ஸல்) அவர்கள் ஃபித்ராவாக ஒரு ஸாஉ பேரீத்தம்பழத்தை, அல்லது ஒரு ஸாஉ வாற்கோதுமையைக் கடமையாக்கினார்கள் என இப்னு உமர் (ரலி) அறிவித்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஸாஉ என்பது எடைக்கல் அன்று. அது நம்முடைய படி, மரக்காலைப் போன்ற ஓர் அளவுப் பாத்திரம். நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ. முத்து என்பது (கடலில் எடுக்கும் முத்து அல்ல!) நடுத்தரமான ஒரு மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஆக, ஏழைக்கு நாம் கடன்பட்டிருப்பது நான்கு கையள்ளல் தானியம். கிலோ என்பது அதன் மொழிபெயர்ப்பு.

மொழிபெயர்ப்பு என்றால் இடையில் ஒன்று வேண்டும். இங்கே அது தானியத்தின் அடர்த்தி. ஒரே பாத்திரத்தில் நெல்லை நிரப்பினால் இலேசாயிருக்கும். அரிசியை நிரப்பினால் கனக்கும். ஒரு லிட்டர் நெல் சுமார் 580 கிராம். வாற்கோதுமை 600 கிராமுக்குச் சற்று மேல். அரிசி, வகையைப் பொறுத்து 800 முதல் 900 கிராம் வரை வரும். ஹிஜாஸ் ஸாஉ 2.75 லிட்டர் என்று பலர் கணக்கிடுகிறார்கள். கூட்டியும் குறைத்தும் சொல்வோரும் உண்டு. 2.75 என்றே வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 800 கிராம் நிற்கும் அரிசி 2 கிலோ 200 கிராம் வரும். 900 கிராம் நிற்கும் அரிசியோ 2 கிலோ 475 கிராம் ஆகிவிடும். அரிசி மாறினாலே கால் கிலோவுக்கு மேல் மாறிவிடுகிறது. இரண்டு ஊர்களும் சண்டையிட இதில் என்ன இருக்கிறது?

ஹிஜ்ரி 676இல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஸாஉவை ரத்தல் கணக்கில் வரையறுப்பது சிக்கலானது. சோளமும் கொண்டைக்கடலையும் போல, உள்ளே போடும் பொருளுக்கேற்ப எடை வேறுபடும். ஆகவே முகத்தலையே நம்ப வேண்டும் என்பது அவர்கள் கருத்தின் சாரம். ஹனஃபீ ஃபுகஹாக்கள் வேறொரு வழியில் இதே சிக்கலைச் சமாளித்தார்கள். பாசிப்பயறோ மைசூர்ப் பருப்போ 1,040 திர்ஹம் எடை கொள்ளும் பாத்திரம் எதுவோ அதுவே ஸாஉ என்றார்கள். ஏன் அந்த இரண்டு தானியங்கள்? அவற்றின் மணிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடாதவை என்பதால்தான். (ஷாஃபிஈ மத்ஹபில் ஸாஉ ஐந்தேகால் ரத்தலும் சொச்சமும், ஹனஃபீ மத்ஹபில் எட்டு ரத்தல் என்ற வேறுபாடு தனி விஷயம், இங்கே விரிக்கவில்லை.)

திடப் பொருளில் இந்தக் கணக்கு எளிது. அல்பீரூனீ உலோகங்களை நீரில் அமிழ்த்தி, வழியும் நீரை நிறுத்து அவற்றின் அடர்த்தியைக் கண்டார். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) அல்காஸினீ எழுதிய 'மீஸானுல் ஹிக்மா', தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதைத் தராசையும் நீரையும் கொண்டே பிடிக்கும் முறையைச் சொல்கிறது. தங்கம் நீரைப்போல் 19 மடங்கும், வெள்ளி பத்தரை மடங்கும் கனக்கும். யார் எங்கே அளந்தாலும் அதுதான். தானியமோ அப்படியில்லை. மணிகளுக்கிடையே காற்று இருக்கிறது. மெல்லப் பெய்தால் காற்று அதிகம். குலுக்கிக் குத்தினால் குறையும்.

மனிதன் புகுந்து விளையாடும் இடமும் அந்தக் காற்றுதான். முதஃப்பிஃபீன் சூராவின் தொடக்கத்தை ஊன்றிக் கவனியுங்கள். பிறரிடமிருந்து நிறைவாக வாங்குவதைச் சொல்லும்போது அங்கே முகத்தல் மட்டுமே பேசப்படுகிறது. பிறருக்குக் குறைத்துக் கொடுப்பதைச் சொல்லும்போது முகத்தல், நிறுத்தல் இரண்டும் வருகின்றன. இதற்கு ஸமக்ஷரீ தமது 'கஷ்ஷாஃப்' தஃப்ஸீரில் தரும் விளக்கம் அங்காடியை அறிந்தவரின் விளக்கம்: அத்தகையோர் வாங்கும்போது முகந்தே வாங்குவார்கள், பாத்திரத்தைக் குலுக்கித் திணித்துக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா! கொடுக்கும்போது இரண்டிலும் குறைக்கத் தெரியும். படியில் பொய் இல்லை, தராசில் பொய் இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை யார் பக்கம் திருப்பிவிடுகிறார் என்பதில் பொய் இருக்கிறது.

இது பழங்கதை அன்று. ஒரு லிட்டர் கடலையெண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிற்கும். கிலோ விலை பேசிவிட்டு லிட்டரால் அளந்து கொடுக்கும் கடைக்காரர், நூறு பேருக்கு விற்கும்போது 9 கிலோ எண்ணெயை மிச்சம் பிடிக்கிறார். அவருடைய லிட்டரில் அரசு முத்திரை இருக்கலாம். முத்திரை அவரை மறுமையில் காப்பாற்றுமா? தேன் விற்பவருக்கோ கணக்கு நேர்மாறு. லிட்டர் தேன் ஒரு கிலோ 400 கிராம் வரும். லிட்டர் விலைக்கு அவர் ஒரு கிலோவை நிறுத்துக் கொடுத்தால், அறியாத வாடிக்கையாளரின் 400 கிராம் போயிற்று. "அவர் கேட்கவில்லையே" என்பது ஒரு பதிலாகாது.

வணிகத்தில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கும் நாம், ஃபித்ராவில் மட்டும் 'எது குறைவோ அதைக் கொடுத்தால் போதும்' என்று மூன்று ஊர் அறிவிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. கொடுப்பவரும் நாமே, அளப்பவரும் நாமே. வாங்கும் ஏழை அங்கே நின்று தலைதட்டிப் பார்க்கப் போவதில்லை. அளவில் ஐயம் வந்தால் அது அவர் பக்கம் சாயட்டும். மறுபுறம், கூடுதலாகக் கொடுக்கும் ஊர்க்காரர் குறைவாக அறிவித்த ஊரைப் பார்த்து "உங்கள் ஃபித்ரா கூடாது" என்று சொல்வதும் வேண்டாத வேலை.

செய்யக்கூடியது இதுதான். உங்கள் வீட்டு அரிசியை ஒரு லிட்டர் பாத்திரத்தில், குலுக்காமல் கோபுரமும் கட்டாமல், தலைதட்டி நிரப்புங்கள். கடைத் தராசில் நிறுத்து வரும் கிராமை 2.75ஆல் பெருக்குங்கள். 850 கிராம் வந்தால் தலைக்கு 2 கிலோ 338 கிராம். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு 14 கிலோவும் சற்றும். அதை 15 கிலோவாகக் கட்டிப் பெருநாள் தொழுகைக்கு முன்பே சேர்ப்பித்துவிடுங்கள்.