இறால் வலையும் இறக்குமதிச் சட்டமும்

துறைமுகத்துக்கு வந்து இறங்கும் சரக்கின் விலையையும் தரத்தையும் மட்டும் பார்த்துவந்த அரசுகள், அந்தச் சரக்கு எப்படி உருவானது என்றும் இப்போது கேட்கின்றன. காட்டை வெட்டிய நிலத்தில் விளைந்த காப்பியா? எவ்வளவு கரியைக் காற்றில் கலந்து உருக்கிய இரும்பு? ஆமையைச் சாகடித்துப் பிடித்த இறாலா? சுற்றுச்சூழல் குறிக்கோள்கள் வணிகக் கொள்கைக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த வழியில்தான். நோக்கத்தில் குறை காண்பது கடினம். ஆனால் ஒரு நாடு தன் சந்தையின் கதவைப் பிடித்துக்கொண்டு வேறொரு நாட்டின் தொழில்முறையை மாற்றச் சொல்லலாமா, மாற்றுவதற்கான செலவை யார் சுமப்பது என்ற கேள்விகள் எழுகின்றன. இவை நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்று உண்டு. அதில் இந்தியாவும் ஒரு வாதி.

இறால் கடலின் அடிமட்டத்தில் வாழ்வது. அதைப் பிடிக்க விசைப்படகுகள் இழுவலையைத் தரையோடு இழுத்துச் செல்கின்றன. ஒரு தடவை வலை போட்டால் எடுக்க மணிக்கணக்காகும். கடலாமைக்கு நுரையீரல்தான், மூச்சு விட அது மேலே வந்தே தீர வேண்டும். வலைக்குள் மாட்டிக்கொண்டால் மூழ்கிச் சாகிறது. இதற்குத் தீர்வு எளிமையானது. வலையின் குறுகிய பகுதியில், மடிக்குச் சற்று முன்னால், கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்துகிறார்கள். கம்பிகளுக்கு இடையே ஏறக்குறைய நான்கு அங்குல இடைவெளி இருக்கும். இறால் அதன் வழியே மடிக்குப் போய்விடும். ஆமை சட்டத்தில் மோதிச் சறுக்கி, அதன் ஓரத்தில் விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளியேறிவிடும். ஆமை விலக்குக் கருவி என்பது இவ்வளவுதான்.

அமெரிக்கா இதை முதலில் தன் மீனவர்கள் மீதே விதித்தது. 1987இல் விதி வந்தபோது மெக்சிகோ வளைகுடாவின் இறால் பிடிப்பவர்கள் கொதித்தார்கள். ஆமை தப்பும் திறப்பில் இறாலும் தப்பிவிடும் என்பது அவர்கள் அச்சம். 1989 கோடையில் படகுகளைக் குறுக்கே நிறுத்தித் துறைமுக வாய்களை அடைத்தார்கள். தங்களுக்கு மட்டும் இந்தச் சுமை, வெளிநாட்டு இறாலுக்கு இல்லையா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 609ஆவது பிரிவு, ஆமைக்குத் தீங்கு செய்யும் முறையில் பிடித்த இறாலை நாட்டுக்குள் விடக்கூடாது என்றது. இத்தகைய சட்டத்தில் ஆமை மீதான அக்கறை எவ்வளவு, உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் விருப்பம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். சட்டத்தின் நோக்கத்தைவிட அது நடத்தப்பட்ட விதத்தைப் பார்ப்பதே சரியான அளவுகோல்.

நடத்தப்பட்ட விதம்தான் கசப்பானது. முதலில் கரீபியக் கடலையும் மேற்கு அட்லாண்டிக்கையும் ஒட்டிய 14 நாடுகளுக்கு மட்டும் சட்டம் பொருந்தியது. அவற்றுக்கு மூன்று ஆண்டு அவகாசம் கிடைத்தது. 1995 டிசம்பரில் அமெரிக்க வணிக நீதிமன்றம் ஒன்று, சட்டம் உலகம் முழுமைக்கும் பொருந்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆசிய நாடுகளுக்குக் கிடைத்தது 1996 மே வரை, ஏறக்குறைய நான்கே மாதம். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் உலக வணிக அமைப்பில் முறையிட்டன.

1998 அக்டோபரில் அதன் மேல்முறையீட்டு அமர்வு தந்த தீர்ப்பு, வணிகச் சட்டமாக இருந்தும் அறநூலைப்போல் நுட்பமானது. ஆமையைக் காக்க இறக்குமதியைத் தடுப்பது தன்னளவில் தவறல்ல என்றது. கடலாமைகள் பல நாடுகளின் நீர்ப்பரப்பைக் கடந்து வலசை போகின்றன. வாதி நாடுகள் உட்பட எல்லோரும் அவை அழியும் நிலையில் இருப்பதை ஏற்றவர்கள். ஆகவே அவற்றின்மேல் ஒரு நாடு காட்டும் அக்கறையை அந்நியத் தலையீடு என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் அமெரிக்கா தோற்றது. அமெரிக்கக் கண்டங்களின் பிற நாடுகளோடு அமர்ந்து பேசி ஒப்பந்தம் கண்ட அரசு, ஆசிய நாடுகளோடு அப்படிப் பேச முனையவில்லை. இறாலை அனுப்ப ஒரு நாட்டுக்கு வேண்டிய சான்றிதழை மறுத்தபோது காரணம் சொல்லவில்லை, மறுக்கப்பட்டவர் வாதத்தைக் கேட்கவும் இல்லை. எல்லாவற்றையும்விட ஒரு விவரம் முக்கியமானது: சான்றிதழ் பெறாத நாட்டின் படகு ஒன்று அதே கருவியைப் பொருத்திப் பிடித்த இறாலும் திருப்பி அனுப்பப்பட்டது. ஆமையைக் காப்பாற்றிய மீனவருக்கும் காப்பாற்றாதவருக்கும் ஒரே தண்டனை என்றால், அந்தத் தடை ஆமையின் பெயரால் நடந்ததே தவிர ஆமைக்காக நடக்கவில்லை.

தீர்ப்புக்குப் பின் அமெரிக்கா தன் வழிமுறையைத் திருத்தியது. ஒரே மாதிரியான திட்டம் வேண்டும் என்பதை விட்டு, ஆமையைக் காப்பதில் இணையான பயன் தந்தால் போதும் என்றது. மலேசியா மீண்டும் வழக்காடியபோது, 2001இல் அமெரிக்கா வென்றது. அதே ஆண்டு இந்தியப் பெருங்கடல், தென்கிழக்காசியப் பகுதி ஆமைகளுக்கான நாடுகளிடை உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2007இல் அதில் சேர்ந்தது.

கதை இங்கே முடிந்தால் இந்திய வாசகருக்கு வசதியாக இருக்கும். ஆனால் நிபந்தனை விதித்தவர் செய்த அநீதி, நிபந்தனைக்கு ஆளானவரின் கடமையைக் கரைத்துவிடாது. பங்குனி ஆமை என்னும் கடலாமை இனம் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். சென்னைக் கடற்கரையில் இரவில் நடந்து முட்டைகளைத் திரட்டிக் காக்கும் பழக்கம் 1970களிலேயே தொடங்கியது. அதே கடற்கரையில், 2025 ஜனவரியில் சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிய அவற்றின் உடல்கள் மூச்சுத்திணறலைக் காட்டின. ஆமையைக் காக்க வேண்டும் என்பது வாஷிங்டன் கற்றுத்தந்த பாடமல்ல. சொந்தச் சட்டத்தையே இழுவலைவரை கொண்டுபோகவில்லை என்பதுதான் இங்குள்ள குறை. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியக் கடலுக்கு ஏற்ற கருவியை வடிவமைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அது படகுகளில் பரவலாக ஏறவில்லை. இறுதியில், கடலில் பிடித்த இந்திய இறாலுக்கு அமெரிக்கா தடை விதித்தது.

அந்தத் தடையின் அடி யார்மேல் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பண்ணையில் வளர்க்கும் இறாலில் ஆமைக்கு ஆபத்தில்லை என்பதால் அதற்குத் தடை இல்லை. இந்தியாவின் இறால் ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதி வனாமி வகைப் பண்ணை இறால். ஆகவே பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு வலி குறைவு. கடலுக்குப் போகும் விசைப்படகின் உரிமையாளரும், பிடிபட்டதில் பங்கு வாங்கும் தொழிலாளரும்தான் விலைக் குறைவைச் சுமந்தார்கள். கொள்கை வகுத்த எந்த மேசையிலும் இவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

இதே கேள்வி இன்று இன்னும் பெரிய அளவில் திரும்பியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டணம், 2023 அக்டோபரில் கணக்குக் கேட்பதில் தொடங்கி, 2026 ஜனவரி முதல் பணப் பொறுப்பாக மாறியது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவை அதற்குள் வருகின்றன. அங்குள்ள உருக்காலை கார்பனுக்கு விலை கொடுக்கும்போது வெளியிலிருந்து வரும் உருக்கும் கொடுக்கட்டும் என்ற வாதம், 1989இல் இறால் மீனவர்கள் வைத்த அதே வாதம். அதே அளவு நியாயமானது. ஆனால் வசூலாகும் பணம் ஐரோப்பியக் கருவூலத்துக்கே போகிறது. ஆமை வழக்கில் கேட்டது ஒரு கம்பிச் சட்டம். இங்கே கேட்பது உலைகளையே மாற்றுவது. காற்றில் இன்று தேங்கி நிற்கும் கரியில் ஐரோப்பாவின் ஒன்றரை நூற்றாண்டுப் பங்கு பெரிது. 1992 ரியோ பிரகடனம் பொறுப்பு எல்லோருக்கும் பொது, அளவு வேறு என்று ஏற்றுக்கொண்டது இதனால்தான்.

எனவே, நிபந்தனை விதிக்கும் உரிமையை மறுக்கத் தேவையில்லை. அந்த உரிமைக்கு விலை உண்டு என்பதை வலியுறுத்த வேண்டும். அவகாசம், தொழில்நுட்பம், பணம், மறுத்தால் காரணம் சொல்லும் கடப்பாடு ஆகியவை அந்த விலை. கார்பன் கட்டணத்தில் ஒரு கணிசமான பங்கை, அதைச் செலுத்த நேரும் ஏழை நாடுகளின் ஆலைகளை மாற்றவே ஐரோப்பா திருப்பித் தர வேண்டும். இந்தியாவுக்கும் வேலை இருக்கிறது. ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே செலுத்திய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ள அந்த ஐரோப்பிய விதியே இடம் தருவதால், உள்நாட்டிலேயே விலை வைத்து அந்தப் பணத்தை இங்கேயே செலவிடலாம். இழுவலைப் படகுகளுக்கு ஆமை விலக்குக் கருவியை அரசே தன் செலவில் பொருத்தித் தந்து, தொடக்கத்தில் குறையும் மீன்பாட்டுக்கு ஈடும் தர வேண்டும். அமெரிக்கச் சந்தை திறந்தாலும் திறக்காவிட்டாலும், வரும் பங்குனி ஆமைப் பருவத்துக்கு முன்பே அதைச் செய்ய வேண்டும்.