பூசுவதற்கு முன் தட்டிப் பார்!



குற்றத்தை மூடுவது அன்பா, பாவமா? அன்புள்ளவன் பிறருடைய பாவங்களை மூடுவான் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 4:8). தன் பாவத்தை மறைக்கிறவனுக்கு வாழ்வில்லை என்று நீதிமொழிகள் 28:13 எச்சரிக்கிறது. இரண்டும் வேதம்தான். அப்படியானால் எதை மூடலாம்? எதை மூடக்கூடாது?

பழைய வீட்டின் உள்சுவருக்கு முதல்முதலாகப் பட்டி பூச வருகிறவனைப் பாருங்கள். சுவரெல்லாம் பொருக்கு, விரிசல், உரிந்த சுண்ணாம்பு. "மேலே ஒரு கை இழுத்துவிட்டா எல்லாம் மறைஞ்சிடும்" என்று கை துடிக்கும். அனுபவமுள்ள கொத்தனாரோ விரலை மடக்கி முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். கெட்டியான சத்தம் வந்தால் பழைய பூச்சு பிடிப்பாக இருக்கிறது. 'டொப்' என்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அதைக் கொத்தி எடுத்தே ஆகவேண்டும். ஓதம் இருந்தால் தண்ணீர் வரும் வழியை முதலில் அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் உப்புப் பூத்து, பூசினதெல்லாம் உதிர்ந்துவிடும்.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் ஆசாரியன் உடனே பூசச் சொல்லவில்லை. ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்தான். தோஷம் பரவியிருந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்து, உள்சுவரைச் சுற்றிலும் செதுக்கி, செதுக்கின மண்ணைப் பட்டணத்துக்குப் புறம்பே கொட்டச் சொன்னான். அதற்குப் பிறகுதான் வேறு கல், வேறு சாந்து! எசேக்கியேல் 13-லோ, ஜனங்கள் கட்டின சுவருக்குக் கள்ளத்தீர்க்கதரிசிகள் சாரமற்ற சாந்தைப் பூசினார்கள். சமாதானம் இல்லாதபோதே சமாதானம் என்றார்கள். மழை வந்தது, சுவர் விழுந்தது.

இப்போது புரிகிறதல்லவா? பிடிப்பான சுவரிலுள்ள சின்ன விரிசலுக்குத்தான் பட்டி. சகோதரன் ஒரு வார்த்தை தவறிப் பேசிவிட்டானா? மூடு; அதுதான் அன்பு. ஆனால் ஒரு விதவையின் சீட்டுப்பணத்தை ஒருவன் விழுங்கிவிட்டு சபையில் கைதட்டிப் பாடுகிறான் என்றால், "சபைப் பேரு கெட்டுடும், விடுங்க" என்று சொல்லுவது அன்பல்ல, சாரமற்ற சாந்து. அதில் மூடப்படுவது அவன் பாவம் மட்டுமா? அவளுடைய கண்ணீரும் அல்லவா! முதலில் தனியே போய் அவனிடம் பேசு (மத்தேயு 18:15). சகேயுவைப்போல அவன் திருப்பிக் கொடுக்கட்டும். அவன் மனந்திரும்பிச் சரிசெய்தபின் மூடு. மறுபடியும் அதைக் கிளறாதே. சீராக்கின சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறவனும் வீட்டைக் கெடுக்கிறவனே.

உன் சொந்தப் பாவத்தையோ நீயே தட்டிப் பார். கர்த்தர் கொத்தும்போது தூசி பறக்கும், வீடு அலங்கோலமாகும். பயப்படாதே!

புது விசுவாசியே, இன்னொன்றும் கேள். பட்டியை ஒரே தடவையில் கனமாக அப்பினால் வெடித்துவிடும். மெல்லிசாக ஒரு கை, காய்ந்தபின் இன்னொரு கை, பிறகு உப்புத்தாள். பரிசுத்தமும் அப்படித்தான், நாளுக்கு நாள் வளரும்.

எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிறோமே, வெள்ளையடிப்பு அல்ல எழுப்புதல். ஆவியானவர் உன் சுவரைத் தட்டுகிறார். என்ன சத்தம் கேட்கிறது? இன்றைக்கே ஒப்புக்கொடு. ஆமென்!